ஆறுதல் பரிசு

சினிமாவைப் பற்றி எழுத இந்த உபாத்தியாயருக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுக்கொண்டுவிடுவது நல்லது. யோக்கியதை கிடையாதுதான். நாம் குடியிருப்பது திருவாதவூரில். படம் பார்க்க வேண்டுமானால் மேலூருக்கோ மதுரைக்கோ பஸ் ஏறவேண்டும். வருஷத்துக்கு மூன்று நான்கு படங்கள் பார்த்தால் அதிகம். சர்வகலாசாலைப் பட்டம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைக் கொண்டு ஒரு நடிகரின் திறமையை அளந்துவிட முடியாது. ஆனால் பரிசு கொடுப்பது என்று ஒரு காரியம் இருக்கிறதே, அதில் நமக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்த அனுபவம் அவ்வளவாகப் பெருமை தரக்கூடியதல்ல. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 17-ந் தேதி டில்லி விஞ்ஞான் பவனில் 69-வது தேசியத் திரைப்பட விருது விழா நடந்தது. 2021-ஆம் வருஷத்துப் படங்களுக்கான விருதுகளை ராஷ்டிரபதி திரௌபதி முர்மு அவர்கள் வழங்கினார்கள். அன்று நவராத்திரி மூன்றாம் நாள். நம் வீட்டில் ஐந்து படி வைத்துக் கொலு உண்டு. சாயங்காலம் கொலு பார்க்க வந்த பெண்மணிகள் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டதும், தசாவதாரப் பொம்மைகளுக்கு முதுகைக் காட்டியபடி தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். டில்லி விழாவை அதில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

யார் யாருக்கு விருது என்பது ஆகஸ்டு மாதமே தெரிந்துபோன சமாசாரம். ஆகையால் பார்க்கவேண்டியது யார் என்ன உடுத்தி வந்திருக்கிறார்கள் என்பதுதான் என்று அந்த மாதர் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. சிறந்த நடிகை விருதை ஆலியா பட், கிருத்தி சனோன் ஆகிய இருவருக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். இருவரும் புடவையிலேயே வந்தார்கள். அதில் ஆலியா பட் உடுத்தி வந்தது, 2022 ஏப்ரலில் தமது கல்யாணத்தன்று உடுத்திய அதே தந்த நிறப் புடவை. செய்தி வாசித்தவர் இதை ஓர் அபூர்வ சாதனைபோல் சொன்னார்.

நம் இல்லத்தரசிக்கு இதில் இருந்த அபூர்வம் விளங்கவில்லை. "ஏங்க, கூறைப்புடவையை மறுபடி கட்டினது ஒரு செய்தியா? நான் எத்தனை கல்யாணத்துக்குக் கட்டியிருக்கேன்? போன தை மாசம்கூடக் கட்டினேனே, எந்தப் பேப்பரிலே போட்டாங்க?" என்றாள்.

சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் நமக்கென்னவோ ஆலியாவின் கட்சி பேசவேண்டும் என்றே தோன்றிற்று. ஒரு விழாவுக்கு உடுத்தியதை இன்னொரு விழாவுக்கு உடுத்துவது அந்த உலகத்தில் ஏறக்குறைய ஒரு குற்றம். பெரிய தையற்கடைக்காரர்கள் புத்தம் புது உடைகளை இரவலாகக் கொடுத்து, புகைப்படம் எடுத்து முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குத் தன் சொந்தப் பெட்டியைத் திறந்து ஒரு புடவையை எடுத்து உடுத்தி வருவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டாமா? அந்தப் புடவையின் விலைக்கு நம் தெருவில் ஒரு வீடு கட்டலாம் என்பது வேறு விஷயம். அதை நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மற்ற வெற்றியாளர்களைப் பற்றியும் நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். செங்கற்பட்டில் பிறந்து, 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் ஆடிய வஹீதா ரஹ்மான், 85-வது வயதில் தாதாசாகிப் பால்கே விருது பெற்றார். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. நம் வீட்டிலும் இரண்டு பாட்டிமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வங்காளத்துப் பெண்மணி சிரேயா கோஷலுக்கு 'இரவின் நிழல்' என்ற தமிழ்ப் படத்துப் பாட்டுக்காக விருது கிடைத்ததில் நமக்குப் பூரண திருப்தி. 'ஜெய் பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' மூன்றும் வெறுங்கையோடு நின்றதில் வருத்தம். அந்த வருத்தத்தை நம் ஊர் டீக்கடைகளில் ஏற்கெனவே பேசித் தீர்த்துவிட்டபடியால் இங்கே விட்டுவிடுகிறோம்.

சிறந்த நடிகர் விருது 'புஷ்பா' படத்துக்காக அல்லு அர்ஜுனுக்கு. தெலுங்குப் பட நடிகர் ஒருவருக்கு அந்த விருது கிடைப்பது அதுவே முதல் தடவை. இதிலும் நமக்கு ஆட்சேபம் கிடையாது. செம்மரம் கடத்துகிறவனாக ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு படம் முழுவதும் அவர் நடந்தார். அப்புறம் ஒரு வருஷ காலம் நம் வகுப்பில் பாதிப் பையன்கள் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டும், புறங்கையால் தாடையைத் தடவிக்கொண்டும் திரிந்தார்கள். ஒருவர் நடையை இப்படி ஊரெல்லாம் பரப்புவது சாமானியமான காரியமல்ல.

இந்தச் சமயத்தில் நம் பெண் கேட்டாள்: "அப்பா, அந்தத் தாத்தா எப்போ வருவாரு?"

எந்தத் தாத்தா என்று நமக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் அவளையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போய்ப் பார்த்த படம் 'கடைசி விவசாயி'. அதில் மாயாண்டி என்ற கிழவராக வந்தவர் நல்லாண்டி. நம் மதுரை ஜில்லாவில் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. சினிமாவுக்கும் அவருக்கும் அதற்கு முன் சம்பந்தம் கிடையாது. அந்தப் பக்கத்தைச் சேர்ந்த மணிகண்டனே படத்தை எடுத்தவர். படம் வெளிவருமுன்பே நல்லாண்டி காலமாகிவிட்டார். "தாத்தா வரமாட்டார் அம்மா, அவர் செத்துப்போய்விட்டார்" என்று சொன்னோம். "அப்போ பரிசை யாருக்குக் குடுப்பாங்க?" என்றாள். குழந்தைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருப்பதாகப் பாவனை செய்வது உபாத்தியாயர் தர்மம். அன்று அந்தத் தர்மத்திலிருந்து தவறினோம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. குலதெய்வத்துக்குத் திருவிழா எடுக்க ஊரார் தீர்மானிக்கிறார்கள். அதற்குச் சொந்த மண்ணில் விளைந்த நெல் வேண்டும். ஊரில் விவசாயி என்று மிஞ்சியிருப்பவர் மாயாண்டி ஒருவர்தான். அவரும் பயிர் வைக்கிறார். நடுவில், செத்துக் கிடந்த மயில்களை அவர் புதைக்கப் போக, அவரே கொன்றார் என்று போலீஸ் வழக்கு ஆகிறது. கோர்ட்டில் நிற்கிற மனிதருக்குச் சிறையைப் பற்றிய பயம் கிடையாது. மானம் போயிற்றே என்ற விசாரமும் கிடையாது. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லையே என்ற ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுகிறார். அந்த இடத்தில் கொட்டகையில் நம் பக்கத்து நாற்காலிக்காரர், முன்பின் அறியாதவர், "அதானே" என்று உரக்கச் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய விமரிசனம் ஒன்றை எந்தப் பத்திரிகையிலும் நாம் படிக்கவில்லை.

சிறந்த தமிழ்ப் படம் என்ற விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. நல்லாண்டிக்குக் கிடைத்தது 'சிறப்புக் குறிப்பு'. அதாவது, ஒரு சான்றிதழ். வெள்ளித் தாமரைப் பதக்கமும் 50,000 ரூபாயும் சிறந்த நடிகருக்கு. சிறப்புக் குறிப்புக்காரருக்குக் காகிதம்.

பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர், ரெவினியூ இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், கையில் சுண்டலுடன் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரியாத்தானே சார் குடுத்திருக்காங்க? அந்தப் பெரியவர் எங்கே நடிச்சார்? விவசாயி விவசாயியாவே வந்துட்டுப் போனார். வேஷமே போடலையே!" என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. நண்பர் நம்மைத் தோற்கடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு இன்னொரு கரண்டி சுண்டல் வாங்கிக்கொண்டார். விஷயம் அதுவல்ல. அந்தக் கடைசி வாக்கியத்தை ஒன்பது வருஷத்துக்கு முன் நாமே சொல்லியிருக்கிறோம்.

நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அப்போது ஆண்டு விழா. மாறுவேடப் போட்டிக்கு மூன்று நடுவர்கள். அவர்களில் நாம் ஒருவர். பட்டதாரி என்பதால் நம் வார்த்தைக்கு மற்ற இருவரும் கொஞ்சம் அதிக மரியாதை கொடுத்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மதுரையில் வாடகைக்கு எடுத்த ஜரிகை அங்கியும் அட்டைக் கிரீடமுமாக ஒரு பையன் பாண்டிய ராஜாவாக வந்தான். ஒருவன் பாரதியார். ஒருத்தி பாரத மாதா. அவள் கையிலிருந்த கொடி அவளைவிட உயரம். கடைசியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். இடுப்பில் கோவணம், தலையில் ஓர் அழுக்குத் தலைப்பாகை, தோளில் மண்வெட்டி, முழங்கால்வரை உலர்ந்த சேறு. மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நடந்தான். நடுவில் நின்று, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டான். மற்றவர்கள் எல்லாரும் வசனம் பேசினார்கள்.

கூட்டத்தின் பின்பக்கத்தில், ஊர்க்காரர்கள் நின்ற இடத்தில், ஒரு சலசலப்பு ஏற்பட்டது. நாம் அதைப் பொருட்படுத்தவில்லை. "இவன் வீட்டில் விவசாயம்தானே? வயலிலிருந்து அப்படியே வந்திருக்கிறான். வேஷமே போடவில்லையே!" என்றோம். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். முதற்பரிசு பாண்டிய ராஜாவுக்கு. இந்தப் பையனுக்கு ஆறுதல் பரிசு: பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று.

மறுநாள் அவன் வகுப்பில் எழுந்து, "ஐயா, ஆறுதல்னா என்னங்கய்யா?" என்று கேட்டான். கேலியாக அல்ல, உண்மையிலேயே தெரியாமல் கேட்டான். நாம் கரும்பலகையில் எழுதி, பொருள் சொல்லி, துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லும் தேறுதல் என்று விளக்கி, இரண்டு வாக்கியங்களில் அமைத்தும் காட்டினோம். அவன் "சரிங்கய்யா" என்று உட்கார்ந்துகொண்டான்.

இது இத்தனை வருஷமும் நமக்கு மறந்துபோயிருந்தது. அன்று ராத்திரி கொலு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, தூக்கம் வருவதற்குப் பதிலாக அந்தச் சோப்பு டப்பா வந்தது.

தன்னைப்போல் இருப்பது நடிப்பாகாது என்று சொல்லுகிறவர்கள் ஒரு தடவை உபாத்தியாயராக இருந்து பார்க்கட்டும். இருபது வருஷமாக நடத்திவரும் பாடத்தை, மேலதிகாரி ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கவனிக்கும்போது நடத்திக் காட்டட்டும். நாக்கு உலர்கிறது, கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, தினம் எழுதுகிற எழுத்து கோணுகிறது. நாமே நம்மைப்போல் ஒரு மட்டமான வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறோம். இதற்கு ஒரே ஓர் அதிகாரி போதும். நல்லாண்டியை நினைத்துப் பாருங்கள். காமிராவும் ஒலிவாங்கியும் சுற்றி நாலு டஜன் ஆட்களும் நிற்க, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் தொழில் அது. அதன் நடுவில் அந்த மனிதர் குனிந்து நாற்றைப் பார்க்கிறபோது நாற்றைத்தான் பார்க்கிறார். நம் எவருக்காவது அது வருமா?

நடிப்பைப் பற்றி டில்லி நடுவர்களுக்கு என்ன கொள்கை என்பதும் நமக்கு விளங்கியபாடில்லை. சிவாஜி கணேசனுக்கு 1960-ல் கெய்ரோ நகரத்து ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. டில்லியில் அந்த விருது ஆயுள் முழுவதும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1992-ல் வந்த 'தேவர் மக'னுக்காக நடுவர் குழுவின் சிறப்பு விருதுதான் அறிவிக்கப்பட்டது. அவரிடத்தில் நடிப்பு அதிகம் என்றார்கள். இவரிடத்தில் நடிப்பே இல்லை என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சரியான அளவு இருக்கிறது போலும். படி, மரக்கால் மாதிரி அதற்கும் ஒரு முத்திரை போட்டு வைத்திருக்கிறார்கள் போலும்.

உடை விஷயமும் அன்று ராத்திரி நம்மை விடவில்லை. கொலு பார்க்க வந்த அத்தனை பேரும் அத்தனை உடைகளையும் பற்றிப் பேசினார்கள். நல்லாண்டி இடுப்பில் சுற்றியிருந்த துணியைப் பற்றி எவரும் பேசவில்லை. அந்தத் துணிக்கு மதுரையில் ஒரு சரித்திரம் உண்டு. 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த மகாத்மா காந்தி, தொப்பியையும் மேற்சட்டையையும் நீண்ட வேட்டியையும் விட்டுவிட்டு, இந்த நாட்டு ஏழைக் குடியானவனைப்போல் முழத்துண்டை உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். பத்து வருஷம் கழித்து, 1931 நவம்பரில், லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அதே உடைதான். அரண்மனைக்கென்று தனியாக ஒன்று தைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கோஷ்டியில் சேர்ந்தவரே. பாண்டியனிடம் தென்னவன் பிரமராயன் என்ற பட்டமும் மந்திரி உத்தியோகத்துக்குரிய ஆடை ஆபரணங்களும் பெற்ற திருவாதவூரர், குதிரை வாங்கப் போன இடத்தில் எல்லாவற்றையும் களைந்துவிட்டுக் கௌபீனம் தரித்தார் என்று புராணம் சொல்லுகிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு, கோவணம் கட்டி வந்த பையனை வேஷமே போடவில்லை என்று நாம் சொன்னோம்.

நிற்க. 2024 பிப்ரவரியில் ஒரு சமாசாரம் பத்திரிகைகளில் வந்தது. உசிலம்பட்டியில் மணிகண்டனுடைய வீட்டில் ஆளில்லாத சமயம் பார்த்துத் திருடர்கள் புகுந்து ரொக்கத்தையும் நகையையும் தேசிய விருதுப் பதக்கங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சில தினங்கள் கழித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் பதக்கங்களைப் போட்டு வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். கூட ஒரு சீட்டு: மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் உழைப்பு உங்களுக்கே என்ற கருத்தில். ரொக்கத்தையும் நகையையும் திருப்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கள்வர்களுக்கும் குடும்பம் இருக்கும்.

ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நம் இல்லத்தரசி மட்டும் சிரிக்கவில்லை. மாறுவேடப் போட்டிக் கதையைக் கொலுவன்று ராத்திரியே அவளிடம் சொல்லியிருந்தோம். "திருடனுக்கே திருப்பிக் குடுக்கணும்னு தோணியிருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பொதுவாகச் சொல்லுவதில் அவளுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு அப்பால் அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனோம். என்ன சொல்லப்போகிறோம் என்று நமக்கே தெரியாது. பையன் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். தகப்பனார் இருந்தார். "வாங்கய்யா, வாங்க" என்று கயிற்றுக் கட்டிலை நிழலில் இழுத்துப் போட்டார். மோர் வந்தது. மழை, கண்மாய்த் தண்ணீர், விதைநெல் விலை எல்லாம் பேசி முடித்த பிறகு, மெதுவாக அந்த மாறுவேடப் போட்டியைப் பற்றி ஞாபகப்படுத்தினோம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதை மறக்க முடியுங்களாய்யா? அந்த வருசந்தான் எங்க அப்பா தவறிப்போனாரு. இந்தப் பய அவர் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கிட்டு, மூணு நாளா இந்தக் களத்திலே அவரு மாதிரியே நடந்து நடந்து பார்த்தான். அவருக்கு ஒரு கால் இழுக்கும். இவனுக்கு அது சரியா வரலேன்னு அழுதான். சேத்தைக்கூட இங்கேயே குழைச்சுப் பூசிக்கிட்டுத்தான் வந்தான். பள்ளிக்கூடத்திலே அவன் நின்னு மேலே பார்த்தானே, அது எங்க அப்பாவேதான். எங்க ஆத்தா கூட்டத்திலே வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு."

கூட்டத்தின் பின்பக்கத்தில் கேட்ட சலசலப்பு நம் நினைவுக்கு வந்தது. அந்தப் பையன் ஒரு காலைச் சற்று இழுத்து நடந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. சேற்றில் நடந்து வந்த களைப்பு என்று அன்று எண்ணியிருந்தோம்.

"நீங்ககூடப் பரிசு குடுத்தீங்களேய்யா. பய அதைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தான். என்ன குடுத்தீங்க? எனக்கு மறந்துபோச்சு" என்றார் அவர்.

நமக்கு வாய் வரவில்லை. மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பையனின் திருப்பூர் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். தகப்பனார் உள்ளே போய், பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதியிருந்ததைத் தேடி எடுத்து வந்தார். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கண்மாய்க் கரை ஏறினோம்.